தமிழ் பேட்சுக்குத் திடீர் விளம்பரம்: பேட்டி கொடுப்பதா, பதுங்குவதா?

பிக்சல்பாண்டி

வணக்கம். எங்கள் குழு ஒரு பழைய ஜப்பானிய ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும்) வீடியோ விளையாட்டைத் தமிழாக்கிக்கொண்டிருப்பது இங்கே பழைய ஆட்களுக்குத் தெரியும். விளையாட்டின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். தெரிந்தவர்களும் எழுதிவிட வேண்டாம்.

முதன்மைக் கதை முழுக்கத் தமிழில் ஓடுகிறது. ஊர்க்காரர்கள் பேசும் வசனங்களும் ஆயுதக் கடையும்தான் பாக்கி. நாங்கள் வெளியிடுவது பேட்ச் கோப்பு மட்டுமே, அதாவது அசல் விளையாட்டில் எதை மாற்ற வேண்டும் என்ற விவரம். சொந்த கார்ட்ரிட்ஜிலிருந்து ரோம் (விளையாட்டின் முழு நகல் கோப்பு) எடுத்து, அதன் மேல் பேட்சைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ரீட்மீ குறிப்பில் எழுதி வைத்திருக்கிறோம். இதுவரை இறக்கியவர்களைச் சேர்த்தால் ஒரு கல்யாணப் பந்திக்குக்கூடத் தேறமாட்டார்கள்.

போன வாரம் ஒரு பெரிய யூடியூப் சேனல் இதைப் பற்றி வீடியோ போட்டுவிட்டது. எங்களிடம் கேட்கவில்லை. வீடியோவுக்குக் கீழே பேட்ச் போட்டு முடித்த முழு ரோமையே டிரைவ் லிங்க்காக வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் 'தமிழாக்கக் குழுவுக்கு உதவுங்கள்' என்று ஒரு ஜிபே கியூஆர் கோடு. அது எங்களுடையது இல்லை, யாருடையது என்றும் தெரியவில்லை. எங்கள் டிஸ்கார்டு அரட்டைக் குழுவில் கூட்டம் குவிந்துவிட்டது. ஒரு செய்தித் தளம் பேட்டி கேட்கிறது, சொந்தப் பெயரும் போட்டோவும் வேண்டுமாம். போதாக்குறைக்கு அதே தொடரின் ரீமாஸ்டர் (மெருகேற்றிய புதுப் பதிப்பு) வரப்போகிறது என்று ஒரு வதந்தி வேறு.

குழுவில் பாதிப் பேர் பேட்டி கொடுக்கலாம் என்கிறார்கள். மீதிப் பேர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொஞ்ச காலம் காணாமல் போய்விடலாம் என்கிறார்கள். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஜாலிஜமால்

தமிழில் ஆர்பிஜியா! லிங்க் எங்கே ப்ரோ?

மட்டுறுத்துநர்

ஜமால், லிங்க் இங்கே வராது. இனி யார் கேட்டாலும் பதிவு நீக்கப்படும்.

ரெட்ரோராசா

பேட்டி வேண்டாம் பாண்டி. யூடியூப் வீடியோவை விட அந்த வதந்திதான் எனக்குக் கவலை. ரசிகர் வேலைகளில் நிறுவனங்கள் எப்போது கை வைக்கின்றன என்று பார்த்தால், பல நேரம் தங்கள் சொந்தச் சரக்கு கடைக்கு வரும் சமயத்தில்தான்.

ஃபைனல் ஃபேன்டசி டைப்-0 ஞாபகம் இருக்கிறதா? 2011-இல் பிஎஸ்பி கையடக்கக் கருவிக்கு வந்தது, ஜப்பானில் மட்டும். ரசிகர்கள் ஆங்கில பேட்ச் செய்து 2014 ஜூனில் வெளியிட்டார்கள். அதே மாதம் ஆங்கில எச்டி பதிப்பு வரும் என்று நிறுவனம் அறிவித்தது. ஜூலையில் பேட்ச் பக்கம் காலி. நின்டெண்டோவின் மெட்ராய்டு 2 விளையாட்டை அர்ஜென்டினாக்காரர் ஒருவர் பல வருடம் உழைத்து மறுஉருவாக்கம் செய்தார், ஏஎம்2ஆர் என்று பெயர். 2016 ஆகஸ்டில் வெளியிட்டதும் சில நாட்களிலேயே நின்டெண்டோவின் நோட்டீஸ். ஏன் இத்தனை அவசரம் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. அடுத்த வருடம் நின்டெண்டோவே அதே விளையாட்டின் மறுஉருவாக்கத்தைத் தன் 3டிஎஸ் கருவியில் வெளியிட்டபோது புரிந்தது. அந்த மனிதருக்குப் பிறகு மூன் ஸ்டுடியோஸ் விளையாட்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது, ஓரி விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் லெவல் டிசைனர். ஆனால் அதை நம்பி யாரும் இறங்காதீர்கள்.

ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) கதையும் இதேதான். 2021 நவம்பரில் மூன்று பழைய ஜிடிஏக்களையும் சேர்த்துப் புதுப் பதிப்பாக விற்றார்கள். அந்த வருடம் முழுக்கப் பழைய ஜிடிஏ மோட்களுக்கு (ரசிகர்கள் விளையாட்டில் செய்யும் மாற்றங்களுக்கு) வரிசையாக நோட்டீஸ்.

ரீமாஸ்டர் வதந்தி உண்மையானால் உங்கள் பேட்ச் அவர்கள் கண்ணில் பட்டே தீரும். அப்போது தேடினால் உங்கள் போட்டோ முதல் பக்கத்தில் வர வேண்டுமா என்று யோசியுங்கள்.

மோட்மணி

ராசா அண்ணன் எப்போதும் கெட்டதைத்தான் அடுக்குவார். மறுபக்கத்தை நான் சொல்கிறேன்.

கவுண்டர்-ஸ்ட்ரைக் எங்கிருந்து வந்தது? ஹாஃப்-லைஃப் மோட். ஹாஃப்-லைஃபை உருவாக்கிய வால்வ் நிறுவனம் அதைச் செய்தவர்களையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. டோட்டா வார்கிராஃப்ட் 3 மோட். நின்டெண்டோவின் மதர் 3 விளையாட்டுக்கு ஆங்கில பேட்ச் 2008-இல் வந்தது. அந்தக் குழுவின் தலைவர் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர். வேண்டுமானால் எங்கள் மொழிபெயர்ப்பை நின்டெண்டோவே இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். நின்டெண்டோ எடுத்துக்கொள்ளவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இன்றுவரை அந்த பேட்ச் இருக்கிறது.

வெளிச்சமே காப்பாற்றிய கதையும் உண்டு. ஓப்பன்ஐவி என்பது ஜிடிஏ மோட் உலகத்தின் அடிப்படைக் கருவி. 2017 ஜூனில் ஜிடிஏவின் உரிமையாளரான டேக்-டூ வக்கீல் நோட்டீஸ் அனுப்பி அதை நிறுத்த வைத்தது. ரசிகர்கள் ஸ்டீம் விற்பனைத் தளத்தில் ஜிடிஏ 5-க்கு எதிர்மறை விமர்சனங்களை மழையாகப் பொழிந்தார்கள். மாதம் முடிவதற்குள் டேக்-டூவின் கிளையான ராக்ஸ்டார் இறங்கி வந்து, தனியாள் விளையாட்டுக்கான, காசு வாங்காத மோட்களை விட்டுவிடுவோம் என்று அறிவித்தது. ஓப்பன்ஐவி திரும்ப வந்தது. பதுங்கியிருந்தால் இது நடந்திருக்குமா?

ரெட்ரோராசா

மணி, ஓப்பன்ஐவிக்குக் குரல் கொடுத்தவர்கள் எல்லாம் ஜிடிஏ 5-ஐக் காசு கொடுத்து வாங்கியவர்கள். அவர்களின் விமர்சனம் விற்பனையைத் தொட்டது. பாண்டியின் விளையாட்டு கடையிலேயே இல்லை. எதற்கு விமர்சனம் எழுதுவீர்கள்?

கருப்புக்கோட்டு

எனக்கு வக்கீல் தொழில்தான், ஆனாலும் இதைப் பொதுப் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் என்று ஏதாவது வந்தால் காகிதத்தோடு ஒரு வக்கீலை நேரில் பாருங்கள்.

தமிழாக்கம் என்றாலே ஒரு தொண்டு என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு மொழிபெயர்க்கும் உரிமையைப் படைப்பின் உரிமையாளருக்கே கொடுக்கிறது. காசு வாங்கவில்லை என்பதால் மீறல் இல்லாமல் போய்விடாது. 63-ஆவது பிரிவில் தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை, அபராதம் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை. ஆனால் வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால், நீதிமன்றம் காரணத்தை எழுதிவிட்டு அந்தக் குறைந்தபட்சத்துக்கும் கீழே போகலாம். நீங்கள் காசு வாங்காதது அங்கேதான் உதவும். 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு தனி. உரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை. பழைய கார்ட்ரிட்ஜ்களில் அது பெரிய விஷயமாக இருக்காது. இன்றைய கன்சோல் விளையாட்டுகளைத் தொடுபவர்கள் அதைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

நிஜத்தில், இலவசமாக மொழிபெயர்த்தவரைப் பிடிக்க யாரும் விமானம் ஏறி வரப்போவதில்லை. அதிகம் நடப்பது நோட்டீஸ், பக்கம் நீக்கம், அதோடு முடிவு. தம்பி பாண்டி, உங்கள் பதிவில் என்னை உறுத்துவது அந்த கியூஆர் கோடு. யாரோ உங்கள் பெயரைச் சொல்லிக் காசு திரட்டுகிறார்கள். நாளைக்கு நிறுவனம் பார்த்தாலும் சரி, காசு போட்டவர் ஏமாந்தாலும் சரி, முதல் கேள்வி உங்களுக்குத்தான் வரும். உங்கள் பக்கத்திலும் டிஸ்கார்டிலும் 'நாங்கள் யாரிடமும் பணம் வாங்குவதில்லை, அந்தக் கோடு எங்களுடையது அல்ல' என்று இன்றைக்கே தேதியோடு எழுதுங்கள். யூடியூபில் புகார் செய்யுங்கள். யாராவது காசு போட்டு ஏமாந்ததாகச் சொன்னால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். வீடியோவையும் கோடையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பிக்சல்பாண்டி

நன்றி அக்கா. அறிவிப்பைப் போட்டுவிட்டேன். ஒரு சந்தேகம். நாங்கள் ரோம் கொடுப்பதில்லை, பேட்ச் மட்டும்தான். அசல் விளையாட்டின் ஒரு துண்டுகூட அதில் இல்லை. அப்படியிருந்தும் மீறலா?

கருப்புக்கோட்டு

இதே கேள்வி அமெரிக்க நீதிமன்றத்துக்கு வேறு இரண்டு வடிவங்களில் போயிருக்கிறது. இரண்டும் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில்தான்.

1992-இல் கலூப் வழக்கு. கேம் ஜீனி என்ற கருவியை கார்ட்ரிட்ஜுக்கும் கன்சோலுக்கும் நடுவில் செருகினால் உயிர்கள் கூடும், தாவும் உயரம் கூடும். நின்டெண்டோ அதைத் தடை செய்யக் கேட்டது, தோற்றது. கருவி தானாக எந்தப் படைப்பையும் உருவாக்கவில்லை, விளையாட்டு ஓடும்போது சில எண்களை மாற்றுகிறது, அவ்வளவுதான் என்றது நீதிமன்றம்.

1998-இல் மைக்ரோ ஸ்டார் வழக்கு. டியூக் நியூகம் 3டி-க்கு ரசிகர்கள் செய்த 300 லெவல்களைச் சேர்த்து ஒரு கம்பெனி சிடியாக விற்றது. அந்த மேப் கோப்புகளிலும் அசல் விளையாட்டின் ஒரு படம்கூட இல்லை. எந்தப் படத்தை எங்கே வைக்க வேண்டும் என்ற விவரம் மட்டும்தான். 'துண்டு எதுவும் எடுக்கவில்லையே' என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. டியூக்கின் கதைக்குப் புதுத் தொடர்ச்சி எழுதியிருக்கிறீர்கள், அந்த உரிமை படைப்பாளியுடையது என்று தீர்ப்பு.

உங்கள் பேட்ச் இரண்டாவதற்குப் பக்கத்தில் நிற்கிறது. ரோமைக் கொடுக்காதது பெரிய பாரத்தைக் குறைக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் வசனத்தின் மொழிபெயர்ப்பு உள்ளே இருக்கிறதே. ஜப்பானில் இன்னும் கெடுபிடி. டோக்கிமெக்கி மெமோரியல் விளையாட்டில் மாற்றிய சேவ் தகவலை (ஆட்டம் எதுவரை வந்தது என்ற பதிவை) மெமரி கார்டில் போட்டு விற்றதே படைப்பின் முழுமையைச் சிதைக்கும் செயல் என்று 2001-இல் அவர்களின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

யாழ்ப்பாணன்

நடுவிலே ஒரு சின்னக் கேள்வி. அந்தக் காலத்து விளையாட்டிலே தமிழ் எழுத்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள்? கொம்பு எழுத்துகள் சிக்கலாக இருந்திருக்குமே.

பிக்சல்பாண்டி

யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தேன். விளையாட்டுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஒரு எண் வந்தால் அதற்குரிய கட்டத்தை வரைந்துவிட்டு வலப்பக்கம் நகர்வது. யூனிகோடில் 'கெ' என்றால் முதலில் க, பிறகு கொம்பு. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். அதனால் வசனத்தைச் சேமிக்கும்போதே கண்ணால் பார்க்கும் வரிசைக்கு மாற்றிவிடுகிறோம். 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று கட்டம். உகர ஊகாரத்துக்கு ஒவ்வொரு மெய்க்கும் வடிவம் வேறு, இகர ஈகாரத்தையும் தனியாக வரைந்தோம். கிரந்தத்தை விட்டுவிட்டால் மொத்தம் 125 கட்டம். ஜப்பானியக் கனா எழுத்துக் கட்டம் 8 புள்ளி அகலம்தான், 'ணூ' அதில் அடங்காது. காஞ்சி எனப்படும் சீன வழி எழுத்துகளுக்கு இருந்த 16 புள்ளிக் கட்டங்களை எடுத்துக்கொண்டோம். எழுத்துரு முழுக்க நாங்கள் வரைந்தது. வரிசை மாற்றும் கருவியும் எங்களுடையதுதான்.

கருப்புக்கோட்டு

பாண்டி, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? எழுத்துரு உங்களுடையது. கருவி உங்களுடையது. இரண்டிலும் அந்த நிறுவனத்துக்கு எந்த உரிமையும் இல்லை. இவையெல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன?

பிக்சல்பாண்டி

கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில். பேட்ச், வசனக் கோப்பு, கருவி, எழுத்துரு எல்லாம் ஒரே ரெப்போவில்தான் (கோப்புக் கிடங்கில்).

சிங்கைச்செல்வா

அதை முதலில் பிரியுங்கள். நான் ஒரு ஹோஸ்டிங் கம்பெனியில் புகார் பிரிவில் இருக்கிறேன், உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

டிஎம்சிஏ நோட்டீஸ் (அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமைக்காரர் அனுப்பும் நீக்கக் கோரிக்கை) வந்தால் நாங்கள் நீதிபதியாக உட்கார்ந்து யோசிப்பதில்லை. நோட்டீஸில் இருக்க வேண்டிய விவரங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்போம், இருந்தால் இறக்குவோம். இறக்காவிட்டால் பொறுப்பு எங்கள் தலையில் விழும். ரெப்போ முழுவதையும் குறித்து நோட்டீஸ் வந்தால் உங்கள் எழுத்துருவும் சேர்ந்தே போய்விடும்.

அடுத்தது கவுண்டர் நோட்டீஸ், அதாவது நீக்கியதற்கு எதிரான மறுப்பு. கோபத்தில் இருக்கும் பையன்கள் அந்தப் படிவத்தை ஐந்து நிமிடத்தில் நிரப்பி அனுப்புகிறார்கள். அதில் உண்மைப் பெயர், முகவரி, தொலைபேசி எண் கொடுக்க வேண்டும். தவறாகத்தான் நீக்கப்பட்டது என்று நம்புவதாக உறுதிமொழி தர வேண்டும், பொய் சொன்னால் அது பொய்ச் சாட்சியம். அமெரிக்காவுக்கு வெளியே இருந்தாலும் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காகிதம் அப்படியே எதிராளிக்குப் போகிறது. 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் அவர் வழக்குப் போடவில்லை என்றால் கோப்பு திரும்ப ஏறும். போட்டால், இவ்வளவு காலம் புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் தன் கையாலேயே பிரதிவாதி விவரத்தை எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

ஆர்இ3 குழுவுக்கு நடந்தது இதுதான். ஜிடிஏ 3, வைஸ் சிட்டி இரண்டையும் எதிர்ப்பொறியியல் செய்து மூல நிரலாக எழுதியிருந்தார்கள். அவர்களும் விளையாட்டுக் கோப்புகளைக் கொடுக்கவில்லை, சொந்தப் பிரதி வைத்திருப்பவர்தான் ஓட்ட முடியும். 2021 பிப்ரவரியில் நோட்டீஸ் வந்தது. கவுண்டர் நோட்டீஸ் கொடுத்தார்கள், கிட்ஹப் திரும்ப ஏற்றியது. அந்தச் செப்டம்பரில் டேக்-டூ கலிஃபோர்னியாவில் 14 பேர் மேல் வழக்குப் போட்டது. கவுண்டர் நோட்டீஸில் சொன்னது பொய் என்பதையும் ஒரு குற்றச்சாட்டாகவே சேர்த்திருந்தார்கள்.

நோட்டீஸோடு விட்டவர்களுக்குப் பெரும்பாலும் நோட்டீஸோடு போயிற்று. யார் எங்கே கையெழுத்துப் போடுவது என்பதைக் குழுவில் இப்போதே பேசிவையுங்கள். வந்த பிறகு பேசினால் கோபம்தான் முடிவெடுக்கும்.

மோட்மணி

அப்படியென்றால் நியாயம் நம் பக்கம் இருந்தாலும் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? அவர்கள் அனுப்பும் நோட்டீஸ் எல்லாம் சரியானதா?

சிங்கைச்செல்வா

எல்லாம் சரி என்று சொல்லவில்லை. தப்பான நோட்டீஸ்களும் நிறையப் பார்த்திருக்கிறேன். யாராவது உங்கள் எழுத்துருவை இறக்கினால் கவுண்டர் கொடுங்கள், நானே படிவம் நிரப்ப உதவுகிறேன். ஆனால் வசனத்துக்காகக் கொடுக்காதீர்கள். அதில் நீங்கள் நிற்கும் இடம் பலவீனம் என்று அக்காவே சொல்லிவிட்டார்கள்.

கருப்புக்கோட்டு

நம் நாட்டுத் தளமாக இருந்தால் முறை கொஞ்சம் வேறு. புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். 21 நாளுக்குள் புகார் செய்தவர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் தளம் திரும்ப அனுமதிக்கலாம். உங்கள் ரெப்போ கிட்ஹப்பில் இருப்பதால் செல்வா சொன்னதுதான் பொருந்தும்.

பஸ்பிரியன்

நான் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்ற விளையாட்டுக்கு நம்ம ஊர் ஆம்னி பஸ் லிவரி (வண்டியின் வண்ண வடிவமைப்பு) செய்கிறவன். அந்த விளையாட்டில் வண்டி மோட் போட அவர்களே வழி வைத்திருக்கிறார்கள், அதனால் சட்டத் தலைவலி எனக்குக் கம்மி. வேறு தலைவலி உண்டு. ஒரு வீடியோ ஓடிவிட்டால் அடுத்த நாளே என் லிவரியில் வேறொருவர் பெயர் ஏறிவிடும், அதைச் சுருக்கு லிங்க்குகளுக்குப் பின்னால் வைத்து விளம்பரக் காசு பார்ப்பார்கள். இன்பாக்ஸில் 'எப்போ அப்டேட்', 'ஏன் லேட்', அப்புறம் வசவு. பாதிப் பேர் பள்ளிப் பையன்கள்.

அந்த டிரைவ் லிங்க்கைப் பற்றி யாரும் பேசவில்லையே? அதில் இருப்பது உங்கள் ரோம்தான் என்று யாருக்குத் தெரியும்? 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மோட் தளமான கர்ஸ்ஃபோர்ஜில் சில பிரபல மோடர்களின் கணக்குகளைப் பிடித்து, அவர்கள் பெயரிலேயே வைரஸ் கலந்த கோப்புகளை ஏற்றினார்கள். ஃப்ராக்சரைசர் என்று பெயர் வைத்தார்கள். பெரிய தளத்திலேயே அப்படி நடந்தது. டிரைவ் லிங்க்கில் இன்ஸ்டாலர் ஏதாவது இருந்தால் பழி உங்கள் மேல்தான். அசல் பேட்சின் செக்சம் எண்ணை (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவுவது) உங்கள் பக்கத்தில் பெரிதாகப் போடுங்கள்.

ரெட்ரோராசா

பஸ் தம்பி சொன்னது நல்ல விஷயம்.

காசைப் பற்றி இன்னும் ஒன்று. 2024 பிப்ரவரியில் நின்டெண்டோ யூசு எமுலேட்டர் (அதன் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) மேல் வழக்குப் போட்டதே, அந்த மனுவில் பேட்ரியான் சந்தா வருமானத்தை எடுத்துக் காட்டியிருந்தார்கள். செல்டா புது விளையாட்டு வெளியாவதற்கு முன்பே கசிந்தபோது யூசுவின் சந்தாதாரர்கள் கூடினார்கள் என்பதும் மனுவில் இருந்தது. வழக்குப் போட்டு ஒரே வாரத்தில் 24 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்துக் கடையைச் சாத்திவிட்டார்கள்.

அமைதியாக இருந்தால் தப்பிக்கலாம் என்றும் உத்தரவாதம் இல்லை. சோனியின் பிளட்போர்ன் விளையாட்டை நொடிக்கு 60 பிரேமில் ஓடவைக்கும் பேட்ச் 2021-இல் வந்தது. சுமார் நான்கு வருடம் யாரும் கேட்கவில்லை. 2025-இல் சோனி தரப்பிலிருந்து நோட்டீஸ் வந்து இறக்கப்பட்டது. ஏன் அப்போது என்று இன்றுவரை யாரும் விளக்கவில்லை. ஆகையால் மணி, நான் பதுங்கச் சொல்லவில்லை. வேலையைச் செய்யட்டும். முகத்தைக் காட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

மோட்மணி

சரி அண்ணா. ஆனால் பேட்டியே இல்லாமல் விட்டால் அந்த யூடியூபர் சொல்வதுதான் ஊரெல்லாம் உண்மையாகும். புனைபெயரில் எழுத்து மூலம் பதில் அனுப்பலாமே? எழுத்துருவைப் பற்றி, கொம்பு சமாளித்ததைப் பற்றி. விளையாட்டின் பெயரே வேண்டாம்.

ரெட்ரோராசா

அது பரவாயில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

பிக்சல்பாண்டி

குழுவில் பேசிவிட்டோம். எழுத்துருவும் வரிசை மாற்றும் கருவியும் இன்றைக்குத் தனி ரெப்போவுக்குப் போய்விட்டன, திறந்த உரிமத்தோடு. வேறு பழைய விளையாட்டுக்குத் தமிழ் செய்கிறவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வசனத்துக்கு நோட்டீஸ் வந்தால் இறக்கிவிடுவோம், யாரும் கவுண்டர் கொடுக்க மாட்டோம். எழுத்துருவைத் தொட்டால் செல்வாவைத் தேடி வருவோம். செய்தித் தளத்துக்கு மணி சொன்னபடி புனைபெயரில், எழுத்துருவைப் பற்றி மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறோம். போட்டோ இல்லாமல் போட முடியாது என்றால் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டோம். டிஸ்கார்டில் ரோம் கேட்பவர்களை வெளியேற்ற இரண்டு பேரைப் போட்டிருக்கிறோம்.

சேனலுக்கு எழுதியதில் டிரைவ் லிங்க்கை எடுத்துவிட்டார்கள். கியூஆர் கோடு அவர்களுடையதே இல்லையாம், யாரோ அனுப்பிய விவரத்தை அப்படியே ஒட்டினார்களாம். அதையும் எடுத்தாயிற்று. ஆனால் வீடியோவைக் காப்பியடித்துப் போட்ட குட்டிச் சேனல்களில் இன்னும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றாகப் புகார் செய்துகொண்டிருக்கிறோம், யாராவது பார்த்தால் சொல்லுங்கள்.

அப்புறம், ஆயுதக் கடை வசனத்துக்கு ஆள் வேண்டும். வாள் வகைகளுக்கு நல்ல தமிழ்ப் பெயர் தெரிந்தவர்கள் தனி மடல் போடவும்.

யாழ்ப்பாணன்

கடையை எனக்குத் தாருங்கோ. ஆனால் கடைக்காரர் எங்கட ஊர்த் தமிழ்தான் கதைப்பார், சம்மதமோ?

பிக்சல்பாண்டி

சம்மதம். கோப்பு அனுப்புகிறேன். ஒரு வரிக்கு 14 கட்டம்தான், பார்த்துக்கொள்ளுங்கள்.